தூக்கத்தை விரட்டும் மாத்திரை

அசாம் மாநிலத்தில் சில்சார் என்ற ஊர் இருக்கிறது. அங்கிருந்து மிசோரம் மாநிலத்தின் தலைநகரான ஐஸ்வாலுக்கு மலைச்சாலை போகிறது. அந்தச் சாலையில் லாரி ஓட்டும் ஒருவரின் கதை இது.

ஒரு நாள் இரவு அவருக்குக் கண் செருகியது. உடன் வந்தவர் சிவப்பு மாத்திரை ஒன்றைக் கொடுத்தார். "இதைப் போடு. தூக்கமே வராது" என்றார்.

தூக்கம் பறந்தது. பசி தெரியவில்லை. விடியும் வரை லாரி ஓட்டினார்.

சில வாரங்களில் ஒரு மாத்திரை போதவில்லை. இரண்டு போட்டார். பிறகு மூன்று போட்டார். சம்பளத்தில் பாதி மாத்திரைக்கே போயிற்று. உடல் இளைத்தது. வீட்டில் எரிந்து விழுந்தார். மகள் ஓடிவந்து கட்டிக்கொண்டாலும் மனத்தில் மகிழ்ச்சி எழவில்லை.

மனைவி அவரைத் திட்டவில்லை. மருத்துவமனைக்கு அழைத்துப் போனார்.

"டாக்டரம்மா, முதலில் வலு கொடுத்த மாத்திரை இப்போது ஏன் என்னை வாட்டுகிறது?" என்று அவர் கேட்டார்.

"அது வலு கொடுக்கவில்லை, தம்பி. உங்கள் மூளையில் இருந்ததையே எடுத்துச் செலவழித்தது" என்றார் டாக்டர். பிறகு விளக்கிச் சொன்னார்.

நம் மூளையில் கோடிக்கணக்கான நரம்பு செல்கள் உள்ளன. ஒரு செல்லுக்கும் அடுத்த செல்லுக்கும் நடுவே மிகச் சிறிய இடைவெளி உண்டு. அதைக் கடந்து செய்தி கொண்டுபோகும் பொருள்களில் ஒன்று டோபமைன். பசித்தபோது உண்டால் அது கொஞ்சம் சுரக்கும். குழந்தை சிரித்தாலும் சுரக்கும். "இது நல்லது. மறுபடியும் செய்" என்று நமக்கு உணர்த்தும். வேலை முடிந்ததும் புறப்பட்ட செல்லுக்கே பெரும்பாலும் திரும்பிவிடும்.

அந்த மாத்திரையில் மெத்தாம்பெட்டமைன் என்ற போதைப்பொருள் இருக்கிறது. அது செல்லில் சேர்ந்திருக்கும் டோபமைனை ஏராளமாக வெளியே தள்ளுகிறது. திரும்பும் வழியையும் தடுக்கிறது.

காதருகே ஒலிபெருக்கி அலறினால் என்ன செய்வோம்? காதைப் பொத்திக்கொள்வோம். மூளையும் அப்படித்தான். டோபமைனை வாங்கும் வாசல்களைக் குறைத்துக்கொள்கிறது. காதைப் பொத்தியவருக்கு மெல்லிய குரல் கேட்குமா? அதனால்தான் மகள் கட்டிக்கொண்டபோதும் மகிழ்ச்சி தெரியவில்லை. மாத்திரையும் முன்போல் வேலை செய்யவில்லை.

"விதைநெல்லைக் குத்தித் தின்றது போல ஆயிற்றே!" என்றார் மனைவி.

"ஆமாம் அம்மா. இதயமும் கெடும். இரத்த அழுத்தம் ஏறும். மாரடைப்பும் பக்கவாதமும் வரலாம். போதை இறங்கும்போது, ஓட்டிக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிடவும் கூடும்."

"நான் மீள முடியுமா?"

"முடியும். விட்ட முதல் வாரங்களில் சோர்வு இருக்கும். நிறையத் தூக்கம் வரும். மனம் வெறுமையாகும். வாழ்வே வேண்டாம் என்று தோன்றினால் உடனே வந்து சொல்லுங்கள். மூளை மெல்ல மெல்லத் தேறும். ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். இதைக் குணமாக்க உறுதியான மருந்து இன்னும் இல்லை. ஆலோசனையும் குடும்பத்தின் துணையும்தான் பெரிய பலம்."

மாதங்கள் கடந்தன. ஒரு மாலை மகள் பள்ளியில் கேட்ட கதையைச் சொன்னாள். அவர் வாய்விட்டுச் சிரித்தார். மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இப்போதும் அவர் லாரி ஓட்டுகிறார். தூக்கம் வந்தால் வண்டியை ஓரமாக நிறுத்தித் தூங்குகிறார். "தூக்கத்துக்கு மருந்து தூக்கம்தான்" என்று மற்ற ஓட்டுநர்களிடமும் சொல்கிறார்.

தெரிந்துகொள்ளுங்கள்

இந்த மாத்திரைக்கு யாபா என்று பெயர். பெரும்பாலும் மியான்மர் நாட்டிலிருந்து கடத்தி வருகிறார்கள். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டப்படி இதை வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். சிகிச்சை கேட்டு வருவது குற்றம் அல்ல. போதையிலிருந்து விடுபட உதவி கேட்க, 14446 என்ற எண்ணுக்கு இலவசமாகப் பேசலாம்.

விடை சொல்லுங்கள்

1. டோபமைன் என்ன வேலை செய்கிறது?
2. மாத்திரையின் அளவு ஏன் கூடிக்கொண்டே போனது?
3. உங்கள் ஊரில் இப்படி ஒருவர் துன்பப்பட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள்?