ஒரு சுற்று எத்தனை மீட்டர்?

ஏழாம் வகுப்பில் வட்டத்தின் சுற்றளவைக் கற்பிக்கும்போது, 2πr என்ற சூத்திரத்தை மாணவர்கள் விரைவில் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். ஆரத்தைக் கொடுத்தால் சுற்றளவைச் சொல்லிவிடுவார்கள். ஆனால் அந்த விடை எங்கே பயன்படுகிறது என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். அதற்கான விடை பள்ளி வளாகத்திலேயே, மிதிவண்டி நிறுத்துமிடத்தில் இருக்கிறது. தருமபுரி மாவட்டத்தில் நான் பணியாற்றும் பள்ளியில் இந்தப் பாடத்தைச் சில ஆண்டுகளாக அங்கிருந்துதான் தொடங்குகிறேன்.

எங்கள் மாவட்டத்தின் நடுவே தேசிய நெடுஞ்சாலை 44 செல்கிறது. மாணவர் பலரின் வீடுகளில் லாரி, சரக்கு வேன் ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். அதனால் வண்டி பற்றிய பேச்சு வகுப்பில் எப்போதும் உண்டு. அப்படி ஒருநாள் வந்த கேள்வி இது: "சார், எங்க அண்ணன் பைக்குக்கு ரெண்டு பக்கமும் பெரிய டயர் போட்டிருக்காரு. மைலேஜ் குறைஞ்சுபோச்சுன்னு சொல்றாரு. டயருக்கும் பெட்ரோலுக்கும் என்ன சார் சம்பந்தம்?" இந்த ஒரு கேள்விக்குள் சுற்றளவு, எதிர் விகிதம், சதவீதம், வேகம் ஆகிய நான்கு பாடங்களும் இருந்தன.

மீட்டர் எதை அளக்கிறது?

முதலில் மாணவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். "தூரத்தை அளக்கிறது" என்பார்கள். உண்மையில் பழைய ஓடோமீட்டருக்குத் தூரம் தெரியாது. சக்கரம் எத்தனை முறை சுற்றியது என்பது மட்டுமே அதற்குத் தெரியும். ஒரு சுற்றுக்கு இவ்வளவு தூரம் என்று தொழிற்சாலையில் முன்கூட்டியே வைத்த கணக்கின்படி அது கிலோமீட்டரைக் காட்டுகிறது. வேகமானியும் அவ்வாறே, சக்கரம் எவ்வளவு விரைவாகச் சுற்றுகிறது என்பதைக் கொண்டு வேகத்தைச் சொல்கிறது.

இது பழைய உத்தி. கி.மு. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் ஒரு வண்டியை விவரித்திருக்கிறார். அதன் சக்கரம் ஒருமுறை சுற்றினால் பன்னிரண்டரை அடி. 400 சுற்று முடிந்ததும் பல்சக்கர அமைப்பு ஒரு கூழாங்கல்லைப் பாத்திரத்தில் விழச் செய்யும். 400 × 12.5 = 5000 அடி, அதாவது ஒரு ரோமானிய மைல். "அந்த வண்டிக்குப் பெரிய சக்கரத்தை மாட்டினால் கல் எப்போது விழும்?" என்று கேட்டுப் பாருங்கள். அதே 400 சுற்றில்தான் விழும். ஆனால் வண்டி ஒரு மைலுக்கும் அதிகமாகப் போயிருக்கும். பாடத்தின் சாரம் முழுவதும் இதில் அடங்கிவிடுகிறது.

செயல்பாடு 1: தரையில் ஒரு கோடு

தேவையானவை: மிதிவண்டி, சுண்ணக்கட்டி, அளவு நாடா. டயரில் தரையைத் தொடும் இடத்திலும், அதற்கு நேராகத் தரையிலும் சுண்ணக்கட்டியால் குறியிட வேண்டும். வண்டியை நேராகத் தள்ளி, டயரின் குறி ஐந்தாவது முறை தரையைத் தொடும் இடத்தில் மீண்டும் ஒரு குறி. இடைப்பட்ட தூரத்தை ஐந்தால் வகுத்தால் ஒரு சுற்றின் நீளம் கிடைக்கும்.

பிறகு டயரின் பக்கவாட்டில் உள்ள எண்ணைப் படிக்கச் சொல்லுங்கள். 26 அங்குலம் என்றால் விட்டம் 66.04 செ.மீ.; சுற்றளவு ஏறத்தாழ 207 செ.மீ. குழுக்களின் அளவுகள் இதிலிருந்து சற்று விலகும். "ஏன்?" என்று விவாதிக்க விடுங்கள். அடுத்து, டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, ஒருவரை அமரவைத்துத் தள்ளி அளந்தால் ஒரு சுற்றின் நீளம் குறையும். எடையால் டயர் அமுங்குவதால்தான் இது நிகழ்கிறது என்பதை மாணவர்களே கண்டுபிடிப்பார்கள்.

டயரில் எழுதியிருக்கும் கணக்கு

எட்டு, ஒன்பதாம் வகுப்புகளுக்கு ஆசிரியர்களின் இருசக்கர வாகனங்களே போதும். பல பைக்குகளில் 80/100-18 என்று காணலாம். 80 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 100 என்பது அந்த அகலத்தில் டயர்ச் சுவரின் உயரம் எத்தனை சதவீதம் என்பது. 18 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். ஒரே வரியில் இரண்டு அலகுகளும் ஒரு சதவீதமும் இருக்கின்றன. இதைவிட நல்ல பயிற்சிக் கணக்கு கிடைப்பது அரிது.

ரிம்: 18 × 25.4 = 457.2 மி.மீ.
மேலும் கீழும் டயர்ச் சுவர்: 80 + 80 = 160 மி.மீ.
மொத்த விட்டம்: 617.2 மி.மீ.
சுற்றளவு: சுமார் 1.94 மீட்டர்
ஒரு கிலோமீட்டருக்கு: ஏறத்தாழ 516 சுற்று

இதற்குப் பதில் 100/90-18 டயர் போட்டால், டயர்ச் சுவர் 100இல் 90 சதவீதம், அதாவது 90 மி.மீ. விட்டம் 637.2 மி.மீ. சுற்றளவு சுமார் 2 மீட்டர். கிலோமீட்டருக்கு 500 சுற்றே போதும். சுற்றளவு கூடினால் சுற்றுகள் குறையும்: எதிர் விகிதம்.

ரிம் பெரிதானால் சக்கரமும் பெரிதாகிவிடும் என்று மாணவர்கள் முடிவு செய்யாதிருக்க ஒரு கார்க் கணக்கும் கொடுக்கலாம். 165/80 R14, 185/65 R15 ஆகிய இரண்டின் விட்டங்களையும் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். 619.6, 621.5 மி.மீ. என வரும். ரிம் ஓர் அங்குலம் பெரிது, ஆனால் சக்கரம் ஏறக்குறைய அதே அளவு. மீட்டரும் ஏறக்குறைய சரியாகவே காட்டும்.

மீட்டர் காட்டாத இரண்டு கிலோமீட்டர்

மேற்கண்ட பைக்கில் மீட்டர் 516 சுற்றை ஒரு கிலோமீட்டர் என எண்ணிக்கொண்டிருக்கிறது. பெரிய டயரில் அதே 516 சுற்றில் வண்டி சுமார் 1.032 கி.மீ. போய்விடும். மீட்டர் 60 காட்டினால் உண்மை வேகம் 62.

ஒரு நுட்பத்தை மாணவர்களே கண்டறியட்டும்: மீட்டருக்கு எந்தச் சக்கரத்திலிருந்து தகவல் போகிறது? பல பைக்குகளில் முன்சக்கரத்திலிருந்து ஒரு கேபிள் மீட்டருக்குச் செல்லும். அவற்றில் பின் டயரை மட்டும் மாற்றினால் மீட்டர் மாறாது.

"ரெண்டு கிலோமீட்டர்தானே சார்?" என்பார்கள். சர்வதேச விதிகளின்படி வேகமானி உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது. அதனால் பெரும்பாலும் சற்றுக் கூடுதலாகக் காட்டும்படியே அதை அமைக்கிறார்கள். அந்தப் பாதுகாப்பு இடைவெளியைத்தான் பெரிய டயர் தின்றுவிடுகிறது. மேலும், பிரேக் பிடித்தபின் வண்டி நிற்கும் தூரம் வேகத்தின் வர்க்கத்திற்கு நேர் விகிதத்தில் கூடும். 3.2 சதவீத வேகம் கூடினால் அந்தத் தூரம் சுமார் 6.6 சதவீதம் கூடும். 30 மீட்டரில் நிற்க வேண்டியது 32 மீட்டரில் நிற்கும். அந்த இரண்டு மீட்டரில் ஒரு மிதிவண்டியும் அதில் வரும் பிள்ளையும் அடங்கிவிடுவார்கள். தொப்பூர் கணவாய் இறக்கத்தையும் அங்கு நடந்த விபத்துகளையும் அறிந்த எங்கள் மாணவர்களுக்கு இதை விளக்க அதிக நேரம் ஆகவில்லை.

மைலேஜ் உண்மையிலேயே குறைந்ததா?

அந்த மாணவரின் கேள்வியைக் கணக்காக மாற்றி வகுப்புக்கே கொடுத்தேன். பழைய டயரில் 10 லிட்டருக்கு மீட்டர் 520 கி.மீ. காட்டியது. இரண்டு சக்கரத்திலும் பெரிய டயர் போட்டபின் அதே 10 லிட்டருக்கு 500 காட்டுகிறது. மைலேஜ் 52இலிருந்து 50 ஆகிவிட்டதா?

மீட்டர் காட்டும் 500 உண்மையில் 500 × 1.0324, ஏறத்தாழ 516 கி.மீ. எனவே உண்மையான மைலேஜ் 51.6. இழப்பு 2 அல்ல, 0.4 மட்டுமே. மீதி, மீட்டர் எண்ணாமல் விட்ட தூரம். மாறாக, சிறிய டயர் போட்டால் மீட்டர் தூரத்தைக் கூட்டிக் காட்டும். மைலேஜ் உயர்ந்ததுபோல் தோன்றும். தேய்ந்த டயரும் சிறிய அளவில் இதையே செய்யும்.

உண்மையான இழப்பும் உண்டு. அகலமான டயர் பெரும்பாலும் எடை கூடியது. உருளும்போது ஏற்படும் தடையும் கூடலாம். பின்சக்கரம் பெரிதானால் அதே வேகத்திற்கு இன்ஜின் சற்றுக் குறைவாகச் சுழலும்; சமதரையில் அது நன்மையாகவும் அமையலாம். ஆனால் சேலத்திலிருந்து தொப்பூர் ஏற்றத்தில் வரும்போது இழுவை குறைந்து, கியரைக் குறைக்க நேரும். எனவே "பெரிய டயர் என்றால் இவ்வளவு குறையும்" என ஒரே விடை கிடையாது. முதலில் தூரத்தைத் திருத்த வேண்டும், பிறகே எரிபொருளைப் பேச வேண்டும்.

தொடக்க வகுப்புகளுக்கு

நான்கு, ஐந்தாம் வகுப்புகளில் சூத்திரம் தேவையில்லை. குச்சியால் தட்டி ஓட்டும் பழைய டயர் வண்டிகள், சிறியதும் பெரியதுமாக இரண்டு போதும். வகுப்பறை வாசலிலிருந்து கொடிக்கம்பம் வரை எது எத்தனை சுற்று எனக் குழந்தைகள் எண்ணட்டும். டயரைச் சுற்றி நூலைக் கட்டி, அந்த நூலைத் தரையில் நீட்டி, ஒரு சுற்றோடு ஒப்பிடட்டும்.

ஒரு கவனக் குறிப்பு: மோட்டார் வாகனங்களை மாணவர்கள் ஓட்டிப் பார்க்க அனுமதிக்கக் கூடாது. நிறுத்திய வண்டியின் எண்களைப் படிப்பதும், தேவைப்பட்டால் சமதரையில் ஆசிரியர் தள்ளி அளப்பதுமே போதுமானது.

மதிப்பீட்டுக்கு நான் கொடுக்கும் பணி எளிது: வீட்டில் உள்ள வண்டியின் டயர் எண்ணை எழுதி வந்து, கிலோமீட்டருக்கு எத்தனை சுற்று எனக் கணக்கிட வேண்டும். அந்த எண் வண்டியின் கையேட்டில் உள்ள அளவோடு பொருந்துகிறதா என்பதையும் வீட்டாருடன் சேர்ந்து பார்க்க வேண்டும். இந்தப் பணியால் கணக்குப் பாடம் வீடுவரை செல்கிறது. கருவி காட்டும் எந்த எண்ணையும் அப்படியே ஏற்காமல், "இது எதை எண்ணிச் சொல்கிறது?" என்று கேட்கும் பழக்கமும் வளர்கிறது. உங்கள் பள்ளி மிதிவண்டி நிறுத்துமிடத்தில் இதைச் செய்துபாருங்கள். ஒரு பாடவேளை போதும்.