சட்டைக் காலரில் அளக்க வேண்டிய டொலுயீன்

டொலுயீன் கலந்த தின்னர் புழங்கும் இடங்களில் காற்றை அளக்கும்போது பிசகு பெரும்பாலும் கருவியில் வருவதில்லை, அதை வைக்கும் இடத்தில்தான் வருகிறது. கூடத்து மேசையில் வைத்து 30 பிபிஎம் என்று குறித்துக்கொண்டால் அது மேசையின் கணக்கு. வரம்போ ஆள் இழுக்கும் மூச்சுக்கு விதித்தது. அச்சு உருளையைத் துடைப்பவரின் முகம் நனைந்த துணிக்கு ஒரு முழத் தொலைவில் இருக்கிறது. ஆகவே ஆவியைப் பிடிக்கும் கரிக்குழாயைச் சட்டைக் காலரில், மூக்கிலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் மாட்டுங்கள். அதன் வழியே காற்றை இழுக்கும் பம்ப் இடுப்பு பெல்ட்டில் இருக்கட்டும். காற்றோட்ட அளவை வேலைக்கு முன்னும் பின்னும் சரிபாருங்கள். ஒரே குழாயை நாள் முழுக்க ஓட விடாதீர்கள். நிறைந்துபோன கரி மேற்கொண்டு ஆவியைப் பிடிக்காது, எண் குறைத்தே காட்டும். வேலை மாறும்போதெல்லாம் குழாயையும் மாற்றுவதே சரி.

அடுத்தது, எந்த எண்ணோடு ஒப்பிடுவது? 1987 திருத்தத்துக்குப் பின் இந்தியத் தொழிற்சாலைகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை டொலுயீனுக்கு 8 மணி நேரச் சராசரியாக 100 பிபிஎம், 15 நிமிடத்துக்கு 150 என்று வைத்தது. அமெரிக்கச் சட்ட வரம்பு 200. அங்குள்ள தொழில்சார் சுகாதார வல்லுநர் அமைப்பான ஏசிஜிஐஎச் பரிந்துரைப்பதோ 20. சட்டத்துக்குக் கணக்குக் காட்ட 100 போதும்; ஆளைக் காக்க 20-ஐ இலக்காக வையுங்கள்.

தடுமாற்றம் எல்லாம் கணக்கில்தான். ஒருவர் 4 மணி நேரம் 60 பிபிஎம்மிலும், தொட்டி கழுவும் 1 மணி நேரம் 260-லும், மீதி 3 மணி நேரம் 20-லும் இருந்தார் என்று கொள்வோம். 240, 260, 60 கூட்டினால் 560. எட்டால் வகுத்தால் 70. நூறுக்குள் அடங்கிவிட்டது என்று பலர் இங்கேயே கோப்பை மூடிவிடுகிறார்கள். மூடக்கூடாது. தொட்டி வேலையின் 260, 15 நிமிட வரம்பான 150-ஐத் தாண்டிவிட்டது. சராசரி அதை மறைத்துவிடும். அந்த வேலைக்குத் தனிக் குழாய், தனி 15 நிமிட மாதிரி கட்டாயம். ஷிப்ட் 12 மணி நேரமானால் வரம்பும் குறைய வேண்டும். உள்ளே போவது கூடுகிறது, உடல் அதை வெளியேற்ற ஓய்வு நேரம் குறைகிறது. நீண்ட ஷிப்ட்டுக்கு வரம்பைக் குறைக்க பிரீஃப், ஸ்காலா என்ற இருவர் தந்த சூத்திரப்படி 12 மணி நேரத்துக்கு வரம்பு சரிபாதி. தின்னரில் சைலீனும் இருந்தால் ஒவ்வொன்றின் அளவையும் அதனதன் வரம்பால் வகுத்துக் கூட்டுங்கள். ஒன்றைத் தாண்டினால் மீறல்தான்.

வாடையே காட்டிக்கொடுக்காதா என்பார்கள். மூக்கு சிறிது நேரத்தில் பழகி மரத்துப்போகும். எரிவாயு அலாரம் இருக்கிறதே என்பார்கள். அது தீப்பிடிக்கும் அளவுக்கான கருவி. டொலுயீன் காற்றில் 1.1 சதவீதம், அதாவது 11,000 பிபிஎம் ஆனால் தீப்பற்றும். அதில் பத்தில் ஒரு பங்கில் அலாரம் அடித்தாலும் 1,100 பிபிஎம். அதற்குள் ஆள் மயங்கி விழக்கூடும். முகக்கவசம் போடுகிறார்களே என்பதும் பதிலாகாது. தூசிக்கான துணிக்கவசம் ஆவியைத் தடுக்காது. கரிப்பெட்டி வைத்த கவசமும் பெட்டி நிறையும் வரைக்கும்தான். வரம்பைக் கவசத்துக்கு வெளியே உள்ள காற்றோடுதான் ஒப்பிட வேண்டும். எண் மிகுந்தால் முதலில் தொட்டிக்கு மூடி, பிறகு ஆவி கிளம்பும் இடத்திலேயே உறிஞ்சும் குழாய். அவற்றைப் பொருத்தியபின் அதே ஆள், அதே வேலை, அதே காலரில் மறுபடி அளந்து, வந்த எண்ணை அவரிடமே காட்டுங்கள்.