லகுவான கை

இறுப்பிட்டியில் தவில் பழகும் தம்பிக்கு,

உமது கடிதம் கிடைத்தது. "கையில வேகம் இருக்கு, லாகவம் இல்லை" என்று ஆசிரியர் சொன்னதிலிருந்து மனம் சரியில்லை என்று எழுதியிருந்தீர். இரண்டும் ஒன்றுதானே என்றும் கேட்டிருந்தீர். ஒன்றல்ல.

லாகவம் 'லகு'விலிருந்து வந்த வடசொல். லகு என்றால் பாரமற்றது. ஆதி தாளத்தின் முதல் நாலு எண்ணிக்கையை நாள்தோறும் அந்தப் பெயரில்தான் போடுகிறீர். வடமொழி யாப்பில் ஒரு மாத்திரைக் குறிலும் லகு. நெடிலுக்குப் பெயர் குரு, அதாவது பாரமானது. (இதை உமது ஆசிரியரிடம் சொல்லிவைக்காதீர்.) லாகவத்துக்கு ஆங்கிலத்தில் சொல்லும் 'அஜிலிட்டி' வேறு வழியால் வந்தது. ஓட்டு, செலுத்து என்று பொருள்படும் இலத்தீன் வினைதான் அதற்கு வேர். அந்தச் சொல்லுக்குப் பாரத்தைப் பற்றிக் கவலையில்லை. தவில்காரனுக்கோ முதற்கவலையே அதுதான்.

பலாமரக் கட்டையைத் தோளில் மாட்டி, வலது விரல்களில் கூடுகளும் இடது கையில் கழியுமாக வெளிவீதியில் மணிக்கணக்கில் நிற்க வேண்டும். தோள் தன்னையறியாமல் இறுகிவிடும். இறுகிய தோளாலும் மூன்றாம் காலம் வாசிக்கலாம், சில ஆவர்த்தனங்களுக்கு. அதன் பிறகு 'தரிகிட' கரைந்து வெறும் இரைச்சலாகும். உமக்கு நடப்பது இதுதான் என்று நினைக்கிறேன்.

இணுவில் விசுவலிங்கத்தின் மகன், தவில் வித்துவான் தட்சணாமூர்த்தியின் (1933–1975) ஒலிப்பதிவுகளை எல்லோரும் வேகத்துக்காகவே போட்டுக் கேட்கிறார்கள். நீர் சொற்களைக் கேளும். எவ்வளவு விரைந்தாலும் ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியே விழும். நாற்பத்திரண்டு வயதுகூட நிரம்பாமல் போய்விட்டார் என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் ஆறவில்லை.

கொஞ்சக் காலம் முதற்காலத்தை விட்டு நகராதீர். ஒவ்வோர் ஆவர்த்தன முடிவிலும் தோள் இறங்கியிருக்கிறதா என்று பாரும். இறுகியிருந்தால் நிறுத்தும், இறுக்கத்தோடு சாதகம் செய்தால் அந்த இறுக்கமே கையில் படிந்துவிடும். கோர்வைகளை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு போகிறவன், நாகஸ்வரக்காரர் எதிர்பாராமல் ஒரு சங்கதியை நீட்டினால் தடுமாறுவான். அந்த இடத்தில் திரும்பத் தெரிவதும் லாகவந்தான். அதற்குக் காதைத்தான் பழக்க வேண்டும்.

ஆனித் திருவிழாவுக்குக் குறிகட்டுவானில் படகேறி நயினாதீவுக்குப் போய்வாரும். தவில் சமா தொடங்கினால் சனம் விரல்கள் வாசிக்கும் வலந்தலைப் பக்கம் நெருக்கியடிக்கும். நீர் கழி விழும் தொப்பிப் பக்கம் போய் நில்லும். கழியைப் பெருவிரல் எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறது என்று பார்த்து எழுதும்.

அன்புடன்,
உமது அண்ணன்