மோட்டாரைக் கடைசியில் தொடு

போர்வெல் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறாய், கண்ணு. "குழாயில் தண்ணீர் சன்னமாக வருது" என்றுதான் உன்னை அதிகம் கூப்பிடுவார்கள். அதற்காகச் சில சொல்லி வைக்கிறேன்.

1. பையைத் திறக்குமுன் கேள். வீட்டில் தண்ணீர் புழங்குகிற அம்மாவுக்குத் தெரிந்தது உனக்குத் தெரியாது. ஒரே ஒரு குழாயில் குறைந்தால் கோளாறு அந்தக் குழாயிலேயே இருக்கும். சுடுதண்ணீர் மட்டும் குறைந்தால் கீசரைப் பார். எல்லாக் குழாயிலும் குறைந்தால் மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் வழியைப் பார். தொட்டி நிரம்பவே நேரமாகிறது என்றால்தான் மோட்டாரையும் போரையும் நினை.

2. சின்னதை அலட்சியம் செய்யாதே. கொங்குப் பக்கத்துப் போர் தண்ணீரில் உப்பு அதிகம். குழாய் முனை வலையும் ஷவர் கண்களும் அதில்தான் அடைகின்றன. பழைய ஜி.ஐ. பைப் உள்ளுக்குள்ளேயே சுருங்கிவிடும். ஒரு வீட்டில் மோட்டாரையே மாற்றவேண்டும் என்று யாரோ சொல்லிப் போயிருந்தார்கள். என் ஆசான் மாடியேறி, பாதி மூடிக் கிடந்த கேட் வால்வைத் திருகினார், தண்ணீர் கொட்டியது. வந்துபோன கூலியை மட்டும் வாங்கிக்கொண்டார். பிறகு அந்தத் தெருவே அவரைத்தான் கூப்பிட்டது.

3. உயரக் கணக்கை மனதில் வை. தொட்டித் தண்ணீர் 10 மீட்டர் இறங்கினால்தான் ஏறக்குறைய ஒரு கிலோ அழுத்தம். தொட்டி மொட்டைமாடித் தரையிலேயே உட்கார்ந்திருந்தால், அதற்குக் கீழுள்ள மாடி ஷவருக்கு இரண்டு மீட்டர் உயரம்கூடக் கிடைக்காது. போரில் எந்த மோட்டாரை இறக்கினாலும் அந்த அழுத்தம் ஏறாது. தொட்டியை மேடைபோட்டு உயர்த்தலாம், இறங்கும் பைப்பைப் பெரிதாக்கலாம், முடியாவிட்டால் பிரஷர் பம்ப் வைக்கலாம். தொட்டி முழுக்கக் காலியாகி நிரம்பிய பிறகு தண்ணீர் திக்கித் திக்கி வந்தால் பைப்பில் காற்று அடைத்திருக்கும். தொட்டியிலிருந்து இறங்கும் பைப்பில் காற்றுக்குழாய் இருக்கிறதா என்று பார்.

4. காது கொடு, மீட்டரை நம்பு. மோட்டார் ஓடும்போது போர் வாயில் காது வை. உள்ளே தண்ணீர் சிதறும் சத்தம் கேட்டால், இறக்கிய பைப்பில் ஓட்டையோ ஜாயின்ட் கசிவோ இருக்கலாம். மோட்டாரைப் போட்டு வெகுநேரம் கழித்தே தண்ணீர் மேலே வந்தால், தண்ணீரைத் திரும்ப இறங்கவிடாத என்.ஆர்.வி. வால்வைச் சந்தேகி. ஆம்பியர் வழக்கத்தைவிட இறங்கினால், பெரும்பாலும் பம்புக்குத் தண்ணீர் எட்டவில்லை. ஏறினால் மணலோ தேய்மானமோ பம்பை இறுக்குகிறது. 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 170 வந்தால் மோட்டார் மேல் பழி போடாதே.

5. மெயினை அணைத்து ஃபியூஸைப் பிடுங்கி உன் பையில் போட்டுக்கொண்ட பிறகே ஒயரைத் தொடு. பழைய கிணற்றுக்குள் தனியாக இறங்காதே. உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால் பின்னாலேயே குதிக்காதே. தீயணைப்புத் துறையைக் கூப்பிடு. நச்சுக் காற்றில் முதலாமவரோடு, காப்பாற்றப் போனவரும் போன வீடுகளை நான் அறிவேன்.

6. பெரிய மோட்டார் விற்கும் ஆசையை அடக்கு. போருக்கு ஊறும் அளவுதான் தண்ணீர். அதற்குமேல் இழுத்தால் சீக்கிரம் வற்றும், பம்ப் காய்ந்து ஓடிக் கருகும். ஒன்றரை குதிரைத்திறன் போதுமான வீட்டில் மூன்றை இறக்கினால் லாபம் உனக்கு ஒருநாள், கடன் அவர்களுக்குப் பல வருஷம். ஊற்று குறைந்துவிட்டால் மறைக்காமல் சொல். கொஞ்சநேரம் ஓட்டி, நிறுத்தி, ஊறவிட்டு மறுபடி ஓட்டச் சொல்லிக்கொடு. இந்த ஒன்றில் நீ உண்மையாக இருந்தால் போதும், மற்றதெல்லாம் பழகப் பழக வரும்.

7. கிளம்புமுன் மொட்டைமாடி மழைநீர்க் குழாய் எங்கே போகிறது என்று பார். 2003-லிருந்து தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம். ஆனாலும் பல வீடுகளில் மழைநீர் சாக்கடைக்கே போகிறது. வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டு. மாடித் தண்ணீரை வடிகட்டாமல் நேராகப் போருக்குள் விடவேண்டாம் என்றும், ஜல்லியும் மணலும் நிரப்பிய ஒரு குழி வெட்டி அதில் இறக்கும்படியும் சொல். கேட்காவிட்டாலும் அடுத்த முறை போகும்போது மறுபடியும் சொல், கண்ணு.