எவர்சில்வர் ரிவால்வரும் நாலு உப்புத்தாளும்

அமெரிக்காவில் துப்பாக்கி வைத்திருப்பவர்களில் ஒரு சாராருக்கு ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு ஒன்று உண்டு. மேசையில் பழைய துண்டை விரித்து, குண்டுகளை வெளியே எடுத்துவிட்ட ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ரிவால்வரை அதன்மேல் வைப்பார்கள். பக்கத்தில் நாலைந்து உப்புத்தாள், ஒரு டப்பா மெட்டல் பாலிஷ், ஒரு திருப்புளி. சாயங்காலத்துக்குள் அந்த மங்கிய சாம்பல் நிறம் போய் முகம் பார்க்கும் அளவுக்கு மின்ன வேண்டும். ரப்பர் கைப்பிடி இருந்த இடத்தில் வால்நட் மரம் ஏறியிருக்க வேண்டும். மத்திய சட்டம் இதற்குக் குறுக்கே வருவதில்லை. அடுத்தவர் துப்பாக்கியை வாங்கி வேலைபார்த்துக் கொடுப்பதைத் தொழிலாக நடத்தினால்தான் உரிமம் கேட்கும். மாநிலச் சட்டங்கள் இடத்துக்கு இடம் மாறும்.

தடை இல்லாத இடத்தில் செவிவழிப் பாடம் பெருகுவது இயல்பு. அதில் பாதி உண்மை, பாதி விபரீதம்.

'ஸ்டெயின்லெஸ் துருப்பிடிக்காது' என்பதிலிருந்து தொடங்கலாம். பிடிக்கும், சற்றுத் தாமதமாக. எஃகில் பத்தரை சதவீதத்துக்குக் குறையாமல் குரோமியம் இருந்தால், காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் மேலே உருவாகிறது. கீறினாலும் அது தானே மறுபடி மூடிக்கொள்ளும். ஆனால் வியர்வையில் இருக்கும் உப்பு அந்தப் படலத்தை ஊசிமுனை அளவில் துளைத்துவிடும். கோடை முழுக்க இடுப்பில் செருகித் திரிந்த ரிவால்வரின் கைப்பிடியைக் கழற்றிப் பார்த்தால், மரத்துக்கு அடியில், திருகு நுழையும் துளையைச் சுற்றி ஆரஞ்சுப் புள்ளிகள் தெரியும். பளபளப்பாக்குகிறேன் என்று சாதாரண இரும்புக் கம்பிச்சுருளால் தேய்ப்பவர்கள் இன்னொரு விதத்தில் துருவை வரவழைக்கிறார்கள். சுருளிலிருந்து உதிரும் இரும்புத் துகள் மேற்பரப்பில் பதிந்துகொண்டு, சில நாளில் அதுவே துருக்கும். பழி ஸ்டெயின்லெஸ் மேல் விழும்.

இந்த உலோகம் துப்பாக்கிக்குப் புதியதும் அல்ல. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி 1913-இல் ஏறக்குறைய 13 சதவீதம் குரோமியம் கலந்த எஃகை வார்த்தபோது, அவர் முன்னால் இருந்த கேள்வி துப்பாக்கிக் குழல்கள் ஏன் சீக்கிரம் அரிக்கின்றன என்பதுதான். அந்த எஃகு போய்ச் சேர்ந்த இடம் சாப்பாட்டு மேசைக் கத்தி. ஸ்டெயின்லெஸ் ரிவால்வர் கடைக்கு வர அரை நூற்றாண்டு ஆனது: ஸ்மித் அண்ட் வெஸன் நிறுவனத்தின் மாடல் 60, ஐந்து குண்டு கொள்ளும் .38 ஸ்பெஷல், 1965.

நம் ஊர்க்காரர்களுக்கு நன்றாகப் புரியக்கூடிய ஒரு நம்பிக்கை, 'காந்தம் ஒட்டினால் போலி' என்பது. பாத்திரக் கடையில் காந்தத்தோடு போய் நிற்பவர்களை நாம் பார்த்திருக்கிறோம். நல்ல எவர்சில்வர் தட்டு பெரும்பாலும் 304 வகை, 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல், காந்தம் ஒட்டாது. ரிவால்வரின் உடற்சட்டத்துக்கும் சிலிண்டருக்கும் அது சரிப்படாது. சூடேற்றிக் குளிரவைத்துக் கடினப்படுத்தும் வித்தைக்கு 304 மசியாது. அதனால் துப்பாக்கிக்குப் பெரும்பாலும் 400 வரிசை எஃகு எடுக்கிறார்கள். அதில் காந்தம் ஒட்டத்தான் செய்யும். குரோமியமும் அதில் குறைவு, எனவே துருவை எதிர்ப்பதில் உங்கள் வீட்டுச் சாப்பாட்டுத் தட்டு அந்த ரிவால்வரை விட ஒரு படி மேல்.

அடுத்தது, உப்புத்தாள்காரர்களின் மூலமந்திரம்: 'உள்ளும் புறமும் ஒரே உலோகம், எவ்வளவு தேய்த்தாலும் கெடாது.' இதில் நியாயம் இருக்கிறது. நிக்கல் பூசியதையோ நீலச்சாயம் ஏற்றியதையோ தேய்த்தால் அடியில் இருக்கும் இரும்பு பல்லிளிக்கும். ஸ்டெயின்லெஸ்ஸில் அந்தப் பயம் இல்லை. கீறல் விழுந்தால் குழலின் நீளவாக்கில், ஒரே திசையில், ஸ்காட்ச்-பிரைட் போட்டு இழுத்தாலே ஆலையில் வந்த மங்கல் மெருகு திரும்பிவிடும். அது நம் வீட்டுச் சிங்க்கில் கிடக்கும் பச்சை நாருக்குச் சொந்தம்தான், நிறமும் சொரசொரப்பும் வேறு. கண்ணாடி மெருகு வேண்டுமானால் 400, 600, 1000, 2000 என்று தாளின் எண்ணை ஏற்றிக்கொண்டே போக வேண்டும். கையால் செய்தால் நேரம் பிடிக்கும். சுழலும் மோட்டார் சக்கரத்தில் கொடுத்தால் சீக்கிரம் முடியும். கூடவே உடற்சட்டத்தின் கூரான விளிம்புகள் மழுங்கும், திருகுத் துளைகள் குழிந்துபோகும், பொறித்த எழுத்து கரையும்.

ஆனால் மின்னுவதெல்லாம் ஸ்டெயின்லெஸ் இல்லை. ஸ்மித் அண்ட் வெஸனின் பழைய 686 மாடலில் ஹாமரும் (அடிக்கும் சுத்தி) டிரிகரும் (விசை) சாதாரண எஃகுதான், மேலே மெல்லிய குரோம் பூச்சு. அதைத் தேய்த்தால் பூச்சு போகும். சிலிண்டரின் முன்முகமும் தேய்க்கக் கூடாத இடம். ஒவ்வொரு துளையைச் சுற்றியும் சுட்ட கரி வளையமாகப் படிந்திருக்கும்; பார்க்க அசிங்கம், துப்பாக்கிக்கு ஒரு கேடும் இல்லை. சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே உள்ள இடைவெளி அங்குலத்தில் ஆயிரத்தில் சில பங்குதான். சுடும்போது கொதிக்கும் வாயு அந்த வழியாகப் பக்கவாட்டில் சீறும். அங்கே விரல் இருந்தால் கிழித்துவிடும். கரியைப் போக்க உப்புத்தாள் போட்டால் அந்த இடைவெளி கூடும். போன உலோகம் திரும்பி வராது.

இதுவரை சொன்னது எல்லாம் அழகு கெடும் சமாச்சாரம். உயிர் சம்பந்தப்பட்டது, 'ஸ்பிரிங்கைக் கொஞ்சம் தளர்த்தினால் விசை வெண்ணெயாகும்' என்ற யோசனை.

டபுள் ஆக்‌ஷன் ரிவால்வரில் விரலின் ஒரே இழுப்பு மூன்று வேலை செய்கிறது: சிலிண்டரைச் சுழற்றுகிறது, ஹாமரைப் பின்னுக்குத் தள்ளுகிறது, பிறகு விடுவிக்கிறது. இழுக்க ஐந்து கிலோ அளவுக்கு வலு வேண்டியிருப்பது அதனால்தான். கடினமாக இருக்கிறது என்று ஸ்பிரிங்கை வெட்டுகிறார்கள், அல்லது அதை அழுத்திப் பிடிக்கும் திருகின் முனையை அரத்தால் தேய்க்கிறார்கள். விசை இளகுகிறது. கூடவே ஹாமரின் அடியும் இளகுகிறது. குண்டின் பிரைமர் (பற்றவைக்கும் மூடி) வெடிக்கப் போதுமான அடி விழாமல் 'டிக்' என்று ஒரு சத்தம் மட்டும் வருகிறது. மென்மையான பிரைமர் உள்ள ஒரு கம்பெனிக் குண்டு வெடிக்கும், இன்னொரு கம்பெனிக் குண்டு வெடிக்காது.

அந்த 'டிக்'குக்குப் பிறகுதான் ஆபத்து. வெடிக்காதது போலிருக்கும் குண்டு சில சமயம் தாமதித்து வெடிக்கும். சுடுபவர் பதற்றத்தில் மறுபடி விசையை இழுத்தால் சிலிண்டர் சுழன்று, அந்தக் குண்டு குழலுக்கு நேராக இல்லாமல் ஓரத்தில் போய் நிற்கும். அங்கே வெடித்தால் குண்டு போக வழியில்லை. சுடுதளங்களில் துப்பாக்கியை இலக்கை நோக்கியே அரை நிமிடமாவது பிடித்திருக்கச் சொல்வது இதற்காகத்தான்.

ஹாமரும் டிரிகரும் கவ்விக்கொள்ளும் விளிம்பில் அரம் வைப்பது இதைவிடப் பெரிய வினை. அந்த விளிம்பின் கடினப்படுத்திய மேல்தோல் மிக மெல்லியது. அது போனால், பின்னுக்கு இழுத்து நிறுத்திய ஹாமர் கட்டைவிரலால் தள்ளினாலே விழும். விசையைத் தொட வேண்டியதே இல்லை. பொறியாளர்களும் அளவுக்கருவிகளும் நிறைந்த ஆலைகளே நூலிழையில் தவறியிருக்கின்றன. 586, 686 மாடல்களில் சில குண்டுகளின் பிரைமர் பின்னால் பிதுங்கிச் சிலிண்டர் இறுகியதால், ஸ்மித் அண்ட் வெஸன் 1987-இல் அவற்றைத் திரும்ப வரவழைத்துப் பாகம் மாற்றிக் கொடுத்தது. மேசை விளக்கு வெளிச்சத்தில் கண்ணால் அளந்து தேய்ப்பவரின் துணிச்சலை என்னவென்பது!

'கால்ட் கம்பெனிக்காரரே துப்பாக்கியை வெட்டினாரே' என்று ஒரு வாதம் வரும். உண்மைதான். கால்ட் நிறுவனத்தின் ஜான் ஹென்றி ஃபிட்ஸ்ஜெரால்டு டிரிகர் வளையத்தின் முன்பகுதியையே வெட்டியெடுத்து 'ஃபிட்ஸ் ஸ்பெஷல்' செய்தார். அவர் அந்த ஆலையின் நிபுணர், செய்ததும் குறைந்த எண்ணிக்கையில்தான். அந்த வளையம் இருப்பதே துணியோ விரலோ தெரியாமல் விசையில் படாமலிருக்கத்தான்.

கைப்பிடி மாற்றுவதில் தப்பே இல்லை, இரண்டு விஷயம் கவனித்தால். திருகின் வெட்டுக்குள் கச்சிதமாக உட்காரும் திருப்புளி வேண்டும். சரிந்த முனையுள்ள வீட்டுத் திருப்புளி நழுவி வெட்டைச் சிதைக்கும். உள்பொறியை மூடியிருக்கும் பக்கத் தகட்டையும் கழற்றத் துணிந்தவர்கள் எந்தத் திருகு எந்தத் துளையில் இருந்தது என்று குறித்துக்கொள்ள வேண்டும், அவை இடம் மாறக் கூடாதவை. தகட்டை நெம்பவே கூடாது. அலங்காரக் கைப்பிடி என்றதும் அமெரிக்க ராணுவத்தின் ஜெனரல் பேட்டனின் 'முத்துச்சிப்பிக் கைப்பிடி' ரிவால்வர் பேச்சில் வந்துவிடும். 1916-இல் அவர் வாங்கிய கால்ட் .45-இல் இருந்தது யானைத் தந்தம். முத்துச்சிப்பி என்று சொன்னவர்கள் மேல் அவருக்கே கோபம். இன்று தந்தத்துக்கு ஆசைப்பட முடியாது, 2016-இல் அமெரிக்கா ஆப்பிரிக்க யானைத் தந்த வணிகத்தைக் கிட்டத்தட்ட முழுவதும் நிறுத்திவிட்டது.

'பாலிஷ் போட்டால் விலை ஏறும்' என்பது வெறும் ஆசை. சேகரிப்பாளர்கள் ஆலை மெருகுக்குத்தான் பணம் கொடுப்பார்கள். மெருகேற்றும் மும்முரத்தில் வரிசை எண் அழிந்தால் விலை போவதோடு நிற்காது. எண் அழிந்த துப்பாக்கியை வைத்திருப்பதே அங்கே மத்தியச் சட்டப்படி குற்றம்.

இந்தியாவில் உரிமத்தோடு ரிவால்வர் வைத்திருப்பவர்கள் இதில் எதையும் முயன்று பார்க்க வேண்டாம். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவின்படி துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதற்கும் மாற்றியமைப்பதற்கும் தனி உரிமம் தேவை. 2019 திருத்தத்துக்குப் பிறகு அதை மீறுவோருக்குக் குறைந்தபட்சத் தண்டனை 7 ஆண்டுச் சிறை.