கூடைப்பந்துக் குழுவும் வானொலிக் குரலும்

விளையாட்டு என்பது ஆடுகளத்தில் நடப்பது மட்டுமே என்று எண்ணுவோர் பலர். அவ்வெண்ணம் பாதி உண்மைதான். கூடைப்பந்து ஆட்டம் ஒன்று நாற்பது நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. அதைப் பற்றிய பேச்சோ அன்றிரவு தொடங்கி அடுத்த ஆட்டம் வரையில் நீள்கிறது. களத்தில் நிற்போர் ஐவர்; அக்குழுவை "எங்கள் குழு" என்று உரிமை கொண்டாடுவோர் ஆயிரக்கணக்கானோர். அந்த ஐவரையும் இந்த ஆயிரவரையும் இணைப்பது எது? நாள்தோறும் நடக்கும் பேச்சே என்பது என் கருத்து. அப்பேச்சை முன்னின்று நடத்துபவர், வானொலி நிலையத்தில் அமர்ந்து நேயர்களோடு உரையாடும் விளையாட்டுப் பேச்சாளர். அவர் தொழில் யாது, அது எங்கே வளர்ந்தது, நம் நகரில் தமிழில் அதற்கு இடமுண்டா என்பவற்றை இங்கே ஆராய்வோம்.

வருணனை வேறு, உரையாடல் வேறு

கிரிக்கெட்டு வருணனையாளருக்கு மூச்சு விட நேரமுண்டு. ஒரு பந்துக்கும் மறு பந்துக்கும் இடையே பழைய ஆட்டத்தை நினைவுகூரலாம். வானத்து மேகத்தைக்கூட வருணிக்கலாம். கூடைப்பந்தில் அந்த வாய்ப்பு இல்லை. பந்தைப் பெற்ற குழு 24 விநாடிக்குள் வளையத்தை நோக்கி எறிந்தாக வேண்டும்.

இவ்விதி பிறந்த வரலாறு சுவையானது. 1950 நவம்பர் 22 அன்று அமெரிக்காவில் ஃபோர்ட் வெய்ன் குழு மினியாப்பொலிஸ் குழுவை 19–18 என்ற கணக்கில் வென்றது. ஆட்டம் முழுவதும் சேர்ந்து 37 புள்ளிகளே! முன்னணியில் இருந்த குழு பந்தை எறியாமலே கைமாற்றிக் காலம் கடத்துவது அந்நாளைய வழக்கம். பார்க்க வந்தோர் சலித்துப் போயினர். சிரக்யூஸ் குழுவின் உரிமையாளர் டேனி பியசோன் ஒரு கணக்குப் போட்டார். ஆட்டம் 48 நிமிடம். அதாவது 2,880 விநாடி. விறுவிறுப்பான ஆட்டத்தில் இரு குழுக்களும் சேர்ந்து ஏறத்தாழ 120 முறை எறிகின்றன. 2,880ஐ 120ஆல் வகுத்தால் 24. அந்த எண் 1954இல் விதியாயிற்று. இன்று பன்னாட்டு ஆட்டங்களிலும் அதுவே விதி.

ஆட்டம் விரைவு பெற்றது. வருணனையாளரின் பாடு கடினமாயிற்று. பந்து யாரிடம், களத்தின் எப்பக்கம், புள்ளி எவ்வளவு, மீதி நேரம் எவ்வளவு என்ற நான்கையும் சொல்வதற்குள் பந்து எதிர்ப்புறம் போய்விடும். இதை நானே சோதித்துப் பார்த்தேன். எங்கள் விடுதி மைதானத்தில் ஒரு மாலை ஆடுகளத்திற்கு முதுகைக் காட்டி அமர்ந்தேன். நண்பர் ஒருவர் ஆட்டத்தைத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். "போகிறான், போகிறான், எறிந்தான்" என்பது காதில் விழுந்தது. யார் போகிறான், இடமா வலமா, எறிந்தது உள்ளே விழுந்ததா என்பது விளங்கவில்லை. அரைமணி நேரம் பழகிய பிறகு, பெயரை முதலில் சொல்லி, இடத்தை அடுத்துச் சொல்லி, செயலை இறுதியில் சொல்லலானார். "முருகன், வலது மூலை, எறிகிறான்!" அப்பொழுதே ஆட்டம் என் கண்முன் நின்றது.

ஆயினும் ஒன்று மட்டும் அப்போதும் தெரியவில்லை. ஏன் தோற்றார்கள் என்பதே அது. வருணனை "என்ன நடந்தது" என்பதைச் சொல்லும். "ஏன் நடந்தது" என்பதைச் சொல்ல அதற்கு நேரமில்லை. அந்த ஏன் என்னும் வினாவிற்கு விடை காண்பதே ஆட்டத்திற்குப் பின் நடக்கும் உரையாடலின் வேலை.

அமெரிக்கா காட்டும் இரு வழிகள்

தொழில்முறைக் கூடைப்பந்து வேரூன்றிய அமெரிக்காவில் இவ்வுரையாடலும் வேரூன்றியது. 1964இல் நியூயார்க்கில் பில் மேசர் என்பவர் நேயர்களின் தொலைபேசி அழைப்புகளை ஏற்று விளையாட்டு பற்றி வானொலியில் உரையாடத் தொடங்கினார். 1987 ஜூலை 1 அன்று அதே நகரில் டபிள்யூஃபேன் என்னும் நிலையம் இருபத்துநான்கு மணி நேரமும் விளையாட்டுக்கே என்று பிறந்தது. வேலை முடிந்து வீடு திரும்பும் தொழிலாளி தொலைபேசியை எடுத்துத் தன் குழுவின் பயிற்சியாளரைக் குறை கூறலாம். நகரமே அதைக் கேட்கும்.

வானொலிக் குரல்களுள் இருவரை நாம் ஒப்பிட்டுப் பார்க்கலாம். பாஸ்டன் செல்ட்டிக்ஸ் குழுவின் வருணனையாளர் ஜானி மோஸ்ட், 1953 முதல் 1990 வரை பணியாற்றியவர். கரகரத்த குரல், தம் குழுவின் பக்கமே முழுச் சாய்வு. எதிர்க்குழுவினர் அவர் வாயில் கொடியவராகவே தோன்றுவர். லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் குழுவின் சிக் ஹெர்ன் மற்றொரு வகை. 1965 நவம்பர் முதல் 2001 டிசம்பர் வரை ஓர் ஆட்டமும் தவறாமல் தொடர்ந்து 3,338 ஆட்டங்களை வருணித்தவர். "ஸ்லாம் டங்க்", "ஏர் பால்" முதலிய சொற்களை உலகிற்குப் பரப்பிய பெருமை அவருடையது. தம் குழு சோம்பி ஆடினால் அதையும் மறைக்காமல் சொல்லுவார்.

மோஸ்ட் நேயர்களோடு சேர்ந்து கொதித்தார். ஹெர்ன் நேயர்களுக்கு ஆட்டத்தைக் கற்றுக் கொடுத்தார். இருவரையும் அவரவர் நகரம் போற்றியது. ஆனால் ஆட்டம் இன்னும் வேர்விடாத ஊருக்கு எவ்வகை வேண்டும்? ஹெர்ன் வகையே வேண்டும் என்பேன். ஆட்டம் தெரிந்த ஊரில் சினம் சுவையூட்டும். தெரியாத ஊரில் அது வெறும் இரைச்சலாகவே முடியும்.

தமிழில் நடந்தது

தமிழ் வானொலிக்கு விளையாட்டு புதிதன்று. சென்னை வானொலியின் கிரிக்கெட்டு வருணனை ஒரு தலைமுறையையே வளர்த்தது. சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் 1980இல் தமிழ்நாடு–கேரள ரஞ்சிக் கோப்பை ஆட்டத்தில் அப்பணியைத் தொடங்கினார், 2020இல் மறைந்தார். சிறுவர்களுக்கு "வானொலி அண்ணா"வாக விளங்கிய கூத்தபிரானும் கிரிக்கெட்டு வருணனை செய்தவரே. இவர்கள் போன்றோர் நாவில் "ஓட்டம்", "மட்டையாளர்", "பந்துவீச்சாளர்" என்னும் சொற்கள் பாடநூல் நாற்றம் நீங்கி வீட்டுச் சொற்களாயின. கல்லூரி வாயிலை மிதியாத பாட்டியும் "எத்தனை விக்கெட்டு போச்சு?" என்று கேட்கும் நிலை வந்தது. தமிழால் முடியுமா என்ற ஐயத்தை அவர்கள் அன்றே போக்கிவிட்டார்கள். கூடைப்பந்துக்கோ அத்தகைய குரல் வாய்க்கவில்லை.

நம் நகரின் நிலை

பெங்களூர் கூடைப்பந்துக்குப் புதிய ஊர் அன்று. 2017 ஜூலையில் ஆசியப் பெண்கள் கோப்பைப் போட்டி இந்நகரில் நடந்தது. இரண்டாம் பிரிவின் இறுதியாட்டத்தில் இந்தியா கஜகஸ்தானை 75–73 என்று வென்று முதற்பிரிவுக்கு உயர்ந்தது. முதற்பிரிவின் இறுதியாட்டத்தில் ஜப்பான் ஆஸ்திரேலியாவை 74–73 என்று வென்றது. ஒன்றில் இரண்டு புள்ளி. மற்றொன்றில் ஒரே புள்ளி! இதற்குமேல் விறுவிறுப்பு வேண்டுமா? ஆயினும் நான் குடியிருக்கும் அடுகோடித் தெருக்களில் அந்த ஆட்டங்களை அறிந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஓசூர் சாலை ஓரம், தமிழும் கன்னடமும் தெலுங்கும் உருதும் ஒருங்கே ஒலிக்கும் இத்தெருக்களில், எங்கோ நடந்த கிரிக்கெட்டின் கடைசிப் பந்தை விளக்க ஒவ்வொரு தேநீர்க் கடையிலும் ஓர் ஆசிரியர் இருக்கிறார்!

தொழில்முறைக் குழுவும் நமக்கு இருந்தது. 2015இல் தொடங்கிய யூ.பி.ஏ. கூடைப்பந்துத் தொடரில் "பெங்களூரு பீஸ்ட்" என்ற குழு ஆடியது; சென்னைக்கு "சென்னை ஸ்லாம்". சில பருவங்களுக்குப் பின் அத்தொடர் நின்றுவிட்டது. பணம், கூட்டமைப்பு, தொலைக்காட்சி எனக் காரணங்கள் பல கூறலாம். நான் கூறுவது ஒன்று: அக்குழு நின்றபோது, "எங்கள் குழு எங்கே?" என்று அடுகோடியில் ஒருவரும் கேட்கவில்லை. பேசப்படாத குழு இழக்கப்பட்டதும் தெரிவதில்லை.

சட்டம் தடுக்கிறதோ எனில், அதுவுமில்லை. இந்தியாவின் முதல் தனியார் பண்பலை நிலையம் 2001இல் தோன்றியதே பெங்களூரில்தான். 2011இல் வெளியான பண்பலைக் கொள்கை, தனியார் நிலையங்கள் விளையாட்டுச் செய்திகளைத் தர இடமளித்தது. நேரடி ஒலிபரப்பைத் தடுத்தாலும், உள்ளூர் விளையாட்டுகளுக்கு நேரடி வருணனையும் கூடும் என்றது. வாயில் திறந்தே இருக்கிறது, நுழைவார்தான் இல்லை.

உரையாடுவோர்க்கு வேண்டிய பண்புகள்

உரையாடல் எவ்வாறு நடக்கவேண்டும் என்பதற்கு ஒரு கற்பனை எடுத்துக்காட்டுத் தருகிறேன். குழு மூன்று புள்ளியில் தோற்ற இரவு. நேயர் ஒருவர் அழைக்கிறார்.

"அண்ணே, வணக்கம். அடுகோடியிலிருந்து பேசுறேன். இந்தப் பயிற்சியாளரை முதல்ல வீட்டுக்கு அனுப்புங்க அண்ணே!"

"வணக்கம் தம்பி. அனுப்பிடலாம். அதுக்கு முன்னே ஒண்ணு சொல்லுங்க. நம்ம ஆளுங்களுக்கு இன்னைக்கு எத்தனை ஃபிரீ த்ரோ கிடைச்சுது?"

"பதினஞ்சு இருக்கும் அண்ணே."

"எத்தனை உள்ளே போச்சு?"

"எட்டு."

"அப்போ ஏழு வீண். தோத்தது எத்தனையில?"

"மூணுல... ஆமா அண்ணே. ஆனா அந்தப் பயிற்சியை அவங்களுக்குக் கொடுக்க வேண்டியது யாரு? அவருதானே?"

"நல்ல கேள்வி தம்பி. இதை நாளைக்கு அவர்கிட்டயே கேப்போம்."

இச்சிறு உரையாடலில் பேச்சாளரின் பண்புகள் அனைத்தும் அடங்கியுள்ளன. முதலாவது, செவி கொடுத்தல். நேயரின் சினத்தை அவர் இகழவில்லை. இரண்டாவது, சான்று. தாமே விடை கூறாமல் எண்ணிப் பார்க்கச் செய்தார். மூன்றாவது, நேயர் தம்மினும் ஒரு படி மேலே சிந்திக்கும்போது அதை ஒப்புக்கொள்ளும் பெருந்தன்மை. நான்காவது, அஞ்சாமை. நாளைக்கு அந்த வினாவைப் பயிற்சியாளரிடம் கேட்டேயாக வேண்டும். குழுவின் உரிமையாளரே நிகழ்ச்சிக்குப் பணம் தருவாராயின் இந்த நான்காவது பண்புக்குத்தான் முதலில் இடர் வரும். அதை இழந்தவர் பேச்சாளர் அல்லர், விளம்பரக்காரர்.

சொற்களைப் பற்றியும் ஒரு சொல். "கூடை", "வளையம்", "பலகை", "கைமாற்று" என்பவை எளிய தமிழ், தயங்காமல் ஆளலாம். "ஃபிரீ த்ரோ"வைத் "தனி எறி" எனலாம்; பலகையில் பட்டுத் திரும்புவதை "மீள்பந்து" எனலாம். ஆனால் நேயர் "பாஸ்" என்று சொன்னால் அவரைத் திருத்துவது பேச்சாளரின் வேலையன்று. நல்ல சொல்லை அவர் தாம் இடைவிடாது ஆளட்டும். பிடித்திருந்தால் ஊர் எடுத்துக்கொள்ளும். "ஓட்டம்" அவ்வாறே வந்தது.

நாம் செய்யத்தக்கது

மாணவத் தோழர்களே, தொழில்முறைக் குழு மீண்டும் வரும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை. கல்லூரிகளுக்கிடையே ஆண்டுதோறும் ஆட்டங்கள் நடக்கின்றன. நம் சங்கத்தில் இருவர் முன்வரட்டும். ஒருவர் ஆட்டத்தைத் தமிழில் வருணிக்கட்டும்; மற்றவர் ஆட்டம் முடிந்ததும் அரைமணி நேரம் பார்த்தோரிடம் பேசட்டும். கைப்பேசியில் பதிவு செய்து விடுதியில் எல்லோரும் கேட்போம், குறை சொல்வோம், மறுமுறை திருத்துவோம். பெண்கள் ஆட்டத்தையும் விடாது வருணிக்க வேண்டும். சென்னையில் பிறந்து, இந்தியப் பெண்கள் குழுவை வழிநடத்தி, 2021இல் பத்மஸ்ரீ பெற்ற அனிதா பால்துரையின் ஆட்டத்தை நம்முள் எத்தனை பேர் தமிழில் கேட்டிருக்கிறோம்?

பந்தை எறிய உயரம் வேண்டும். அதைப் பற்றிப் பேச உயரம் வேண்டுவதில்லை. கண்ணும், செவியும், நேர்மையும், நம் தாய்மொழியும் போதும். நாளை இந்நகருக்கு மீண்டும் ஒரு குழு வருமானால், அதை "எங்கள் குழு" என்று அழைக்க அடுகோடியில் ஒரு தமிழ்க் குரல் அணியமாய் இருக்கட்டும்.