பட்டினி போட்டால் குடல் புதுசாகுமா?

நம்பிக்கை: சாப்பிடாமல் இருந்தால் குடலுக்கு ஓய்வு, அதன் உட்சுவர் நன்றாக வளரும்.

உண்மை: ஒரு நாள் விரதத்தால் ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் வாரக்கணக்கில் வாய்வழி எதுவும் போகாமல், ஊட்டம் முழுவதும் ரத்தக்குழாய் வழியாகவே ஏறினால் சிறுகுடலின் உட்சுவர் மெலியத் தொடங்கும். உடம்புக்குச் சத்துக் குறைவில்லை. ஆனாலும் விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் குடல் உறிஞ்சிகள் குட்டையாகின்றன. அவற்றைப் போர்த்திய செல்கள் மூன்று முதல் ஐந்து நாளுக்குள் உதிர்ந்து மாறுபவை. உதிர்வதற்கு ஈடாகப் புதியவை வர, உணவு குடலைத் தொட வேண்டும். தொட்டதும் சிறுகுடலின் கடைசிப் பகுதியிலும் பெருங்குடலிலும் உள்ள 'எல்' செல்கள் ஜிஎல்பி-2 என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. செல் பெருக்கத்தைத் தூண்டுவதில் அதற்குப் பெரும்பங்கு உண்டு.

குறைமாதக் குழந்தைக்கு மூக்குக் குழாயில் ஓரிரு மில்லி தாய்ப்பால் விடுவதைப் பார்த்து, "இது எந்த மூலைக்கு?" என்று கலங்கும் தாய்மார்கள் உண்டு. அம்மா, அந்தத் துளிகள் பசிக்கு அல்ல, குடலை எழுப்பத்தான்.

நம்பிக்கை: குடல் ஹார்மோன்கள் செரிமானத்துக்கு மட்டும்தான்.

உண்மை: 1971-இல் பிரிட்டிஷ் மருத்துவர்கள் ஒரு பெண்ணைப் பற்றி எழுதினார்கள். கட்டி இருந்தது சிறுநீரகத்தில். தடித்துப் பெருத்திருந்தவையோ குடல் உறிஞ்சிகள். கட்டியை அகற்றியதும் குடல் பழைய நிலைக்குத் திரும்பியது. கட்டி சுரந்த ஏதோ ஒன்று ரத்தத்தில் போய்க் குடலை வளர்த்திருக்கிறது! 1996-இல் டொராண்டோவில் டேனியல் ட்ரக்கரின் குழு ஜிஎல்பி-2-ஐச் சுண்டெலிகளுக்குச் செலுத்த, சிறுகுடல் பருத்தது. புதிருக்கு விடை கிடைத்தது.

நம்பிக்கை: குடலை வெட்டி எடுத்துவிட்டால் வாழ்நாள் முழுக்க டிரிப்ஸ்தான்.

உண்மை: எல்லாருக்கும் அப்படியில்லை. நீளம் திரும்ப வராது; மிச்சமிருக்கும் குடலின் உறிஞ்சிகள் உயர்ந்து, கூடுதலாக உறிஞ்சப் பழகிக்கொள்ளும். இயற்கையான ஜிஎல்பி-2 சில நிமிடங்களில் சிதைந்துவிடும். அதன் 33 அமினோ அமிலங்களில் இரண்டாவதை மட்டும் மாற்றி, நீடித்து நிற்கும்படி செய்த ஊசி மருந்துதான் டெடுகுளூட்டைடு. 2012-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இதனால் பலருக்கு டிரிப்ஸ் தேவை குறைந்தது. சிலருக்கு அறவே நின்றது.

சத்து மாத்திரைபோல யாரும் போட்டுக்கொள்ளும் மருந்தல்ல இது. வளரச் சொல்லும் ஹார்மோன் நல்ல செல், கெட்ட செல் என்று பார்ப்பதில்லை. அதனால்தான் பெரியவர்களுக்கு இந்த ஊசியைத் தொடங்கும் முன் பெருங்குடலைக் கொலோனோஸ்கோப்பி செய்து பார்த்து, பாலிப் எனும் சிறு சதை வளர்ச்சி இருந்தால் முதலில் அகற்றிவிடுகிறார்கள்.